காற்றின் கணக்கும் மூச்சின் கணக்கும்

(நெய்வேலி நகரியத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மக்கள் உடல்நலம் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நெய்வேலியில் நின்று உடல்நலம் பற்றிப் பேசுவதென்றால் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இது கணக்குத் தெரிந்த ஊர். இன்று எத்தனை டன் வெட்டினோம், எத்தனை மெகாவாட் ஓடியது, நிலத்தடி நீர் எவ்வளவு இறைத்தோம், எத்தனை லாரி சாம்பல் வெளியே போனது என்று ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதி வைக்கிற ஊர். ஆனால் நம் நாட்டில் எங்குமே காற்றின் கணக்கு ஓர் அலுவலகத்தில் இருக்கிறது, மூச்சின் கணக்கு வேறோர் அலுவலகத்தில் இருக்கிறது. புகைபோக்கியின் பதிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறது. மூச்சிரைப்போடு வந்த குழந்தையின் பதிவு மருத்துவமனையிலேயே தங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்க்கும் வரை, காற்று நமக்குச் செய்வது என்ன என்று நமக்குத் தெரியாது. தெரியாததைத் திருத்தவும் முடியாது. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

1956

நெய்வேலியின் வரலாறு உங்களுக்குத் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கருமையான பொருள் வெளிவந்தது. அதிலிருந்து தொடங்கிய தேடல் 1956 நவம்பர் 14 அன்று ஒரு பொதுத்துறை நிறுவனமாகப் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு முதல் 50 மெகாவாட் அலகு மின்சாரம் தந்தது.

அதே 1956ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்து நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரத்தை நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி மூடிக் கிடந்தது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை இருக்கலாம் என்றன. நிலக்கரியை நம்பி வளர்ந்த ஒரு நாடு அதன் புகைக்கு வரம்பு கட்டிய ஆண்டில்தான், நாம் நம் நிலக்கரியின் துணையோடு எழுந்து நிற்கத் தொடங்கினோம்.

அந்தத் தொடக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மழை பொய்த்தால் அணை வறண்டு மின்சாரமும் குறைந்துபோன தமிழ்நாட்டுக்கு நெய்வேலி வந்த பிறகுதான் நிம்மதி. கிராமத்துக் கிணறுகளில் பம்புசெட் ஓடியதிலும், மாணவர்கள் மின்விளக்கின் கீழ் படித்ததிலும் உங்கள் உழைப்பு இருக்கிறது. இந்த மின்சாரம் இன்று தமிழ்நாட்டோடு நிற்பதில்லை; கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி வரை போகிறது. அவ்வளவு பேருக்கு வெளிச்சம் தந்த ஊரார் தங்கள் மூச்சின் கணக்கைக் கேட்டால், அது நன்றிகெட்ட செயல் ஆகாது. நியாயமான கேள்வி.

ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ

பழுப்பு நிலக்கரி இளம் நிலக்கரி. நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். ஆகவே வெப்பம் குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இங்கே ஏறக்குறைய ஒரு கிலோ கரி எரிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று நாம் சொல்லும்போது, அது நெய்வேலி மின்சாரமாக இருந்தால், நூறு கிலோ கரி எரிந்திருக்கிறது என்று பொருள்.

நெய்வேலிக் கரியின் ஒரு நற்குணம், அதில் சாம்பல் குறைவு. வடக்கே பல சுரங்கங்களில் எடுக்கும் நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பல். இங்கே அதில் சிறு பகுதிதான். புகைபோக்கிக்கு முன்னால் இ.எஸ்.பி. என்று நீங்கள் சொல்லும் நிலைமின் தூசிப் பிடிப்பான் இருக்கிறது. அது நன்றாக வேலை செய்தால் சாம்பல் தூசியின் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிடும். அதனால் புகைபோக்கியின் வாயை அண்ணாந்து பார்த்து, "புகையே தெரியவில்லையே, காற்று சுத்தம்தான்" என்று சொல்பவர்கள் உண்டு.

தெரியாமல் போவதுதான் கந்தகம். ஒரு டன் கரியில் அரை விழுக்காடு கந்தகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 5 கிலோ. எரியும்போது அது தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 10 கிலோ கந்தக டை ஆக்சைடு ஆகிறது. நிறமில்லாத வாயு. தூசிப் பிடிப்பான் இதைப் பிடிக்காது. இதைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும்: புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவி, கந்தகத்தை ஜிப்சமாக மாற்றும் எஃப்.ஜி.டி. என்ற அமைப்பு. கொதிகலனுக்குள்ளேயே சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்து எரிக்கும் முறையும் உண்டு; இரண்டாம் அனல் மின் நிலைய விரிவாக்கத்தின் 250 மெகாவாட் அலகுகள் இரண்டும் சுழல் படுகைக் கொதிகலன் வகையைச் சேர்ந்தவை. அந்த வகையில் கந்தகத்தின் ஒரு பகுதியை உள்ளேயே கட்டிப்போட இயலும்.

இவற்றோடு நைட்ரஜன் ஆக்சைடுகள் வருகின்றன. கரியில் மிகச் சிறு அளவில் இருக்கும் பாதரசம் வெப்பத்தில் ஆவியாகி வெளியேறுகிறது. சுரங்கத்தில் கரிக்கு மேலே கிடக்கும் மணற்பாறையைச் சக்கர வாளி இயந்திரம் வெட்டும்போதும், கன்வேயர் பெல்ட் கொட்டும்போதும், லாரிகள் ஓடும்போதும் சிலிக்கா கலந்த தூசி எழுகிறது. பழுப்பு நிலக்கரிக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றுப் பட்டுக் குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் எழும் புகைக்குப் புகைபோக்கியும் கிடையாது, பிடிப்பானும் கிடையாது. வேலை செய்பவரின் முகத்தின் உயரத்திலேயே அது பரவும்.

உயரத்தில் விட்டால் போய்விடுமா?

நம் நாட்டில் நெடுங்காலம் கந்தகத்துக்குச் சொன்ன ஒரே மருந்து புகைபோக்கியின் உயரம். 200 மெகாவாட்டுக்கு மேற்பட்ட அலகுக்கு 220 மீட்டர், 500 மெகாவாட்டுக்கு 275 மீட்டர் என்று விதி இருந்தது. உயரத்தில் விட்டால் காற்றில் கலந்து நீர்த்துவிடும் என்பது அதன் நோக்கம். அடியில் இருக்கும் குடியிருப்புகளுக்கு இதனால் உதவி கிடைத்தது உண்மை. ஆனால் வாயு அழிந்துபோகவில்லை.

மேலே போன கந்தக டை ஆக்சைடு சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் கந்தக அமிலத் துளியாகிறது. வயலில் இட்ட யூரியாவிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியா அதோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் என்ற நுண்துகள் உருவாகிறது. வயலின் வாயுவும் ஆலையின் வாயுவும் வானத்தில் சந்தித்துப் புதிய துகளாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடலூர், புதுச்சேரிப் பக்கம். வடகிழக்குக் காற்றில் விருத்தாசலம் பக்கம். நெய்வேலியில் யாரும் எரிக்காத ஒரு துகளை எங்கோ ஒரு ஊரில் யாரோ சுவாசிக்கிறார்கள்.

"சுற்றுப்புறக் காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது, பிறகென்ன?" என்று கேட்பவர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது. வாயுவாக அளக்கும்போது குறைவாகக் காட்டும். ஏனென்றால் அது உருமாறிவிட்டது. நுண்துகள் கணக்கில் அது வேறு பெயரில் ஏறுகிறது.

சட்டத்தின் வரலாற்றையும் நீங்கள் அறிய வேண்டும். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் வந்தது. ஆனால் அனல் மின் நிலையப் புகையில் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் ஆகியவை இவ்வளவுதான் இருக்கலாம் என்று நாடு முழுமைக்கும் எண்ணால் வரம்பு வந்தது 2015 டிசம்பரில். முதல் அலகு ஓடத் தொடங்கி 53 ஆண்டுகள் கழித்து. அந்த வரம்பை இரண்டு ஆண்டுகளில் எட்ட வேண்டும் என்றார்கள். பிறகு 2022 என்றார்கள். அதன் பின்னும் தவணை மேல் தவணை. கடைசியாக 2025 ஜூலையில், நாட்டின் அனல் மின் அலகுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு, புகைபோக்கி உயர விதிக்கு உட்பட்டிருந்தால் கந்தக வரம்பிலிருந்து விலக்கு என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. சுற்றிச் சுற்றிப் பழைய உயரத்துக்கே வந்து நிற்கிறோம்.

செலவு அதிகம், மின்கட்டணம் ஏறும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். செலவு உண்மைதான். ஆனால் அந்தச் செலவைச் செய்யாவிட்டால் அது மறைந்துவிடுவதில்லை. மருந்துக் கடைச் சீட்டாகவும், வேலைக்குப் போகாத நாளாகவும், அகால மரணமாகவும் குடும்பங்களின் தலையில் இறங்குகிறது. மூச்சின் கணக்கு இல்லாததால்தான் அந்தச் செலவு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் தெரிவதில்லை.

மூச்சு உள்ளே போன பின்

நாம் ஒரு நாளில் ஏறக்குறைய 20,000 முறை மூச்சு விடுகிறோம். பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போய் வருகிறது. நுரையீரலின் காற்றறைகளைப் பிரித்துப் பரப்பினால் 70 சதுர மீட்டர் அளவுக்கு வரும். உடலின் எந்தத் தோலும் இவ்வளவு மெல்லியதாய், இவ்வளவு அகலமாய் உலகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதில்லை.

பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். சளியாக வெளியே வரும். பி.எம். 2.5 என்று சொல்கிற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. அது காற்றறை வரை இறங்குகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அதை விழுங்க முயல்கின்றன, முடியாதபோது அழற்சியைக் கிளப்புகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்துக்குள்ளேயே கடக்கின்றன. அழற்சி பரவும்போது இரத்தம் எளிதில் உறைகிறது, நாளங்களின் சுவர் தடிக்கிறது. ஆகவே காற்று மாசு என்றதும் இருமலையும் ஆஸ்துமாவையும் மட்டும் நினைப்பது பாதி உண்மை. அதனால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் இறக்கிறார்கள். 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியது. 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 16.7 லட்சம் இறப்புகளுக்குக் காற்று மாசு காரணம் என்று லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

எல்லாத் துகளும் ஒரே அளவு தீங்கு செய்வதும் இல்லை. 2023 நவம்பரில் சயன்ஸ் இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெரிய கணக்கை வெளியிட்டார்கள். 1999 முதல் 2020 வரை, அந்நாட்டின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளையும் ஒவ்வொரு நிலக்கரி மின் நிலையத்தின் புகை சென்ற தடத்தையும் இணைத்துப் பார்த்தார்கள். நிலக்கரி மின் நிலையத்திலிருந்து வந்த நுண்துகள், மற்ற மூலங்களின் நுண்துகளைவிட இரு மடங்கு இறப்பு அபாயம் கொண்டது என்று கண்டார்கள். 4,60,000 இறப்புகளை அதோடு தொடர்புபடுத்தினார்கள். அவற்றில் பெரும்பகுதி தொடக்க ஆண்டுகளில். கந்தகத்தைப் பிடிக்கும் கருவிகள் வந்து, பழைய நிலையங்கள் மூடிய பின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. கருவி வைத்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கந்தக டை ஆக்சைடு வாயுவாகவே சுவாசித்தாலும் தீங்கு செய்யும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஒருசில நிமிடங்களிலேயே மூச்சுக்குழல் இறுகும். ஓடினால், பாரம் தூக்கினால் இன்னும் விரைவாக. நாள் முழுவதின் சராசரி வரம்புக்குள் இருக்கலாம். மூச்சை இறுக்கிய சில நிமிடங்கள் அந்தச் சராசரிக்குள் மறைந்து போகும். வரம்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. இது 2009இல் வகுத்தது. வரம்புக்குள் இருக்கிறோம் என்ற சொல் ஓர் அலுவலருக்குப் போதும். ஒரு மருத்துவருக்குப் போதாது.

ஒரே காற்று, வேறு வேறு மூச்சு

நகரியத்தின் அகலமான சாலைகளையும் மரங்களையும் எல்லோரும் பாராட்டுவார்கள். அந்தப் பசுமை உண்மையானது; இலைகள் தூசியைத் தாங்குகின்றன. ஆனால் இந்த ஊரின் காற்றை எல்லோரும் ஒரே அளவில் சுவாசிப்பதில்லை.

உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். மண்வெட்டி பிடிப்பவர், சாம்பல் அள்ளுபவர் நாற்பது லிட்டருக்கு மேல் இழுக்கிறார். அதுவும் வாய் வழியாக, மூக்கின் வடிகட்டலைத் தாண்டி. காற்று ஒன்றுதான், உள்ளே போகும் அளவு ஐந்து மடங்கு. தூசி மிகுந்த வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர் கைகளில் இருக்கின்றன. ஒப்பந்ததாரர் மாறுவார், வேலைத்தளம் மாறும், அட்டை மாறும். நுரையீரல் மட்டும் மாறாது. சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அப்போது அவர் எந்த ஒப்பந்தத்திலும் இருக்கமாட்டார். சுரங்கச் சட்டப்படி இது அறிவிக்கை செய்ய வேண்டிய நோய். அறிவிப்பதற்கு முதலில் ஒருவர் அவருடைய பழைய எக்ஸ்ரேயையும் புதிய எக்ஸ்ரேயையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து, தாய்மார்கள். சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு தமிழ்நாட்டின் நகரங்களிலும் கிராமங்களிலும் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பின்பற்றி ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டது. கர்ப்ப காலத்தில் சுவாசிக்கும் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் இரண்டு விழுக்காடு உயர்ந்தது. நான்கு கிராம் சிறிதுதானே என்று தோன்றும். ஒரு மாவட்டத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த நான்கு கிராம் குறைந்தால், விளிம்பில் இருந்த பல குழந்தைகள் அபாயக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறார்கள். ஒரு தாய்க்குத் தெரியாத இழப்பு, ஊர்க்கணக்கில்தான் தெரியும். இந்தச் சான்று எங்கிருந்தோ வந்ததன்று, நம் மண்ணில், நம் பெண்களிடம் எடுத்தது.

குழந்தையின் நுரையீரல் இருபது வயதை ஒட்டும் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அழுக்குக் காற்றில் வளர்ந்தால் அது தன் முழு அளவை எட்டுவதில்லை. தெற்குக் கலிபோர்னியாவில் பள்ளிக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்பற்றியவர்கள் இதை நிறுவினார்கள். காற்று சுத்தமாக ஆக, அடுத்தடுத்த தலைமுறைக் குழந்தைகளின் நுரையீரல் மேலும் நன்றாக வளர்ந்ததையும் 2015இல் அதே ஆய்வு காட்டியது.

வீட்டுப் புகையையும் நாம் மறைக்கக் கூடாது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி விறகு அடுப்பு இன்னும் எரிகிறது. முந்திரிக்கொட்டை வறுக்கும் இடங்களில் ஓட்டின் எண்ணெய் கருகிக் கண்ணையும் தொண்டையையும் அரிக்கிறது. குப்பை எரிகிறது, டீசல் வண்டிகள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் நெய்வேலியிலிருந்து வந்த லெக்கோ என்ற அடுப்புக் கரிதான் தமிழ்நாட்டின் பல அடுக்களைகளில் எரிந்தது. எல்லா மூலத்தையும் எண்ண வேண்டும். ஆனால் அடுப்பைக் காட்டிப் புகைபோக்கியை மறைப்பதற்கும் யாரும் இடம் கொடுக்கக் கூடாது.

இரண்டு ஏடுகளை அருகருகே வைத்தவர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை இருந்தது. 1986 ஆகஸ்டில் தொழில் தகராறு காரணமாக மூடியது. 1987 செப்டம்பரில் மீண்டும் திறந்தது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அந்த ஊர்க்காரர். அவர் புதிய கருவி எதையும் வாங்கவில்லை. காற்றுத் தூசிப் பதிவையும் மருத்துவமனை உள்நோயாளிப் பதிவையும் எடுத்து மாதவாரியாக ஒப்பிட்டார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் சேர்ந்த குழந்தைகள், ஆலை மூடிய குளிர்காலத்தைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு. உலகம் முழுவதும் காற்றுத் தர விதிகள் மாறுவதற்கு வழிவிட்ட ஆய்வுகளில் அது ஒன்று.

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 58 ஆண்டுகள் ஓடி 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட புதிய நிலையம் வந்தது. பழையது இருந்த ஆண்டுகளின் மருத்துவப் பதிவையும் பின்வந்த ஆண்டுகளின் பதிவையும், கொரோனா காலத்தைக் கவனமாகப் பிரித்து, இந்த ஊர் இளம் மருத்துவர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கலாமே!

லண்டனில் 2013இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்துமாவால் இறந்தாள். நெரிசலான சாலைக்கு அருகில் வளர்ந்தவள். அவள் மருத்துவமனைக்குப் போன நாட்களையும் காற்று கெட்ட நாட்களையும் நிபுணர் ஒருவர் ஒப்பிட்டுக் காட்ட, தாய் விடாமல் போராடினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, இறப்புக்கான காரணங்களில் காற்று மாசையும் எழுதினார். நம் ஊரில் மூச்சுத் திணறி இறந்தவரின் சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும். காற்றின் பெயர் இராது.

வெளிநாட்டுக்குப் போக வேண்டியதும் இல்லை. இதே கடலூர் மாவட்டத்தில், சிப்காட் ஆலைகளைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004 முதல் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகத் தங்களை அமைத்துக்கொண்டார்கள். நாற்றம் வந்த நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். "நாற்றம் அடிக்கிறது" என்ற புலம்பல், வாயுக்களின் பெயரோடு கூடிய சான்றாக மாறியது. பட்டம் பெற்றவர்கள் செய்யாததை மீனவரும் விவசாயியும் செய்தார்கள்.

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டைச் சுற்றுப்புறம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. நீரிலும் மண்ணிலும் பாதரசம் உள்ளிட்ட மாசுகள் இருப்பதாகவும், மக்கள் மூச்சு, தோல், சிறுநீரகத் தொல்லைகளைச் சொல்வதாகவும் அதில் இருந்தது. நெய்வேலிப் பொதுத்துறை நிறுவனம் அதை மறுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இதில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஓர் ஊரின் உடல்நலம் என்ற அடிப்படைக் கேள்வி, ஒருவர் சொல்லவும் மற்றவர் மறுக்கவும் உரிய பொருளாக இருக்கிறதே, அதுதான் என் கவலை. யாரும் மறுக்க முடியாத பொதுவான பதிவேடு இருந்தால், நிறுவனத்துக்கும் அது பாதுகாப்பு, மக்களுக்கும் அது பாதுகாப்பு.

செய்யக்கூடியவை

முதலாவது, புகைபோக்கிகளில் உள்ள தொடர் கண்காணிப்புக் கருவிகளின் அளவுகள் தமிழில், எளிய வண்ணக் குறிகளோடு, சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் தெரிய வேண்டும். நாள் சராசரி போதாது. மணிவாரி அளவு வேண்டும்.

இரண்டாவது, மூச்சுப் பதிவேடு. நகரியத்தின் பொது மருத்துவமனை, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் அரசு மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், சிதம்பரத்தில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆகிய எல்லாம் ஒரே படிவத்தில் எழுத வேண்டும்: வயது, ஊர், தொழில், அடுப்பு வகை, புகைப்பழக்கம், மூச்சிரைப்பு தொடங்கிய நாள். நோயாளியின் பெயரை நீக்கிவிட்டு அந்தப் பதிவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுவதும் அவரோடு போகும் மருத்துவக் கோப்பு. வேலையில் சேரும்போது ஓர் எக்ஸ்ரே, ஒரு ஸ்பைரோமெட்ரி பரிசோதனை. குறித்த ஆண்டுகளில் மறுபடியும். ஓய்வு பெற்ற பின்னும் தொடர வேண்டும். கோப்பின் நகல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்.

நான்காவது, கந்தகம். மத்திய அரசு விலக்குக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். காற்றுச் சட்டம் மாநில வாரியத்துக்கும் தரநிலை வகுக்கும் அதிகாரம் தந்திருக்கிறது. நெய்வேலியில் 3,390 மெகாவாட் அனல் திறனை இந்த ஒரு நிறுவனமே வைத்திருக்கிறது; இத்தனை அலகுகள் ஓரிடத்தில் குவிந்திருக்கும்போது, தனித்தனி அலகாகப் பார்க்காமல் மொத்தச் சுமையைப் பார்த்து வரம்பு வகுக்க வேண்டும். இதே நிறுவனம் 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் நிலையங்களும் அமைத்திருக்கிறது. பழைய அலகுகள் ஓய்வு பெறும்போது அந்த இடத்தைச் சூரிய மின்சாரமும் சேமிப்பு மின்கலன்களும் நிரப்பட்டும். அந்த வேலையில் இங்குள்ள தொழிலாளருக்கும் நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும் முதலிடம் இருக்கட்டும். காற்று சுத்தமாவதற்கு விலையாகத் தொழிலாளியின் வேலை போகக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு மருத்துவனாக ஒன்று சொல்ல வேண்டும். இன்ஹேலர் போட்டால் பழகிவிடும் என்று பயந்து குழந்தைக்கு வெறும் இருமல் மருந்து கொடுத்துக் காலம் கடத்தாதீர்கள். இன்ஹேலர் மருந்து குறைந்த அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது, அதுவே பாதுகாப்பானது. தூசி வேலையில் துண்டு கட்டுவது போதாது. நுண்துகளைத் தடுக்கும் முகமூடியை வேலை தருபவரிடம் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

நிறைவாக

மாசற்ற நீரும் காற்றும் பெறுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே தீர்ப்பளித்துவிட்டது. உரிமை இருக்கிறது, அதை நிலைநாட்டச் சான்று வேண்டும். சான்று சேர்க்கப் பெரும் பணம் வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நம் ஊர்ப் பெண்களே வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எழுதி வருகிறார்கள். அவர்கள் பையில் இன்னொரு சிறு கருவியும் சேரட்டும்: ஊதினால் மூச்சின் வேகத்தைக் காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற குழாய். விலை சில நூறு ரூபாய். படிவத்தில் மூன்று கேள்விகள் கூடட்டும்: இருமல் எத்தனை மாதமாக? இரவில் இளைப்பு வருகிறதா? என்ன வேலை, எங்கே? சுற்றுக் கிராமங்களிலும் நகரியத்திலும் ஓராண்டு இதைச் செய்தால், அதை அந்த ஆண்டின் காற்றுப் பதிவோடு வைத்துப் பார்த்தால், நெய்வேலி தன் மூச்சைத் தானே அறிந்த முதல் தொழில் நகரங்களில் ஒன்றாகும். மாவட்ட நிர்வாகமும் நிறுவனமும் தொழிற்சங்கங்களும் ஊராட்சிகளும் ஒன்றாக உட்கார்ந்தால் வரும் மாதமே தொடங்கிவிடலாம். படிவத்தை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். இங்கிருக்கும் மருத்துவர்களில் ஒருவரும் தொழிற்சங்கத் தோழர்களில் ஒருவரும் இன்று மாலையே என்னோடு உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.